ஸ்டிக்கர் அண்ணன் செக் செய்த மும்பை

கடவுள் இந்த உலகத்தைப் படைத்து முடித்ததும், வெளியே அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை எங்கள் ஸ்டிக்கர் அண்ணனிடம் காட்டியிருந்தால், உலகம் இன்றுவரை ஷிப்மெண்ட் ஆகியிருக்காது. மலைகள் ஒரே உயரத்தில் இல்லை, கடற்கரை நேராக இல்லை, நிலாவில் கறை இருக்கிறது என்று மூன்று சிவப்பு அம்புகளை ஒட்டி, "மறுக்கா பண்ணிக் கொண்டாங்க சாமி" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

முதலிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசராக இருந்தேன். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் கேட்பதைக் கம்பெனிக்கும், கம்பெனியால் முடியாததை பையருக்கும் நாசூக்காகச் சொல்கிற வேலை அது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் எனக்கு நாசூக்கு கொஞ்சம் குறைவு. ஸ்டிக்கர் அண்ணன் அங்கே குவாலிட்டி. துணியில் தப்பு இருக்கும் இடத்தைக் காட்ட, சுண்டுவிரல் நகம் அளவில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். செக்கிங் செய்கிற எல்லோரிடமும் அந்த ஸ்டிக்கர் தாள் இருக்கும். மற்றவர்கள் சாயங்காலம் அதை டேபிளில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் போவார்.

கல்யாணப் பந்தியில் இலையின் கிழிசலுக்கு அம்பு விழும். சலூன் கண்ணாடியில், தன் இடது கிருதா தெரிகிற இடத்தில் ஒட்டிவிட்டு, "இது வலதுக்கு ரெண்டு நூல் மேல நிக்குதுங்க" என்பார். ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் ஒரு வட்டாரப் பிரமுகரின் பிறந்தநாள் பேனர். மீசை இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்று அண்ணன் அதில் அம்பு ஒட்டிவிட்டார். பிரமுகரின் ஆட்கள் கம்பெனிக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் டேப்பை எடுத்து பேனரை அளந்து காட்டினார். வந்தவர்கள் அளவைப் பார்த்தார்கள், தலைவரின் மீசையை நினைத்துப் பார்த்தார்கள், வந்த வழியே போய்விட்டார்கள்.

அம்பைக்கூடத் தாங்கலாம். அவருடைய ரிப்போர்ட்டைத்தான் கம்பெனியே பயந்தது. அதில் கடைசிக் கட்டம், 'தவறு யாருடையது'. அந்தக் கட்டத்துக்கு முன்னால் தாட்சண்யம், சொந்தபந்தம், சம்பளம் கொடுக்கிறவர் என்று எதுவும் கிடையாது. முதலாளி ஒருநாள் காபி டம்ளரைத் துணி ரோல் மேல் வைத்து வட்டம் விழுந்தபோது, அந்தக் கட்டத்தில் முதலாளியின் பெயரை இனிஷியலோடு எழுதி, முதலாளியிடமே கையெழுத்துக்கு நீட்டினார். அவரும் போட்டுக் கொடுத்தார். போடாவிட்டால் அதற்கு ஒரு ரிப்போர்ட் வரும்.

அந்த வருஷம் என் பெயர் அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே ஒருமுறை வந்திருந்தது. இரண்டு வயதுக் குழந்தைச் சட்டைக்கு ஆறு வயது லேபிளை அனுப்பிவிட்டேன். முதலாளி கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, மிக மரியாதையாகச் சொன்னார்.

"அம்மணி, மனுசன்னா ஒருக்கா தப்பு நடக்குமுங்க. இன்னொருக்கா உங்க பேரு அந்தக் கட்டத்துல வந்துதுன்னா, நீங்க வேற நல்ல எடமாப் பாத்துக்கோங்க. நானே சிபாரிசு பண்றனுங்க."

கொங்கு நாட்டில் வேலையை விட்டு அனுப்பும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார்கள். மோர் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை.

அப்போதுதான் டெல்லிப் பயணம் வந்தது. வெள்ளை டீ-சர்ட், நெஞ்சில் மஞ்சள் வாத்து, ஆறு வயது சைஸ். அந்தச் சாம்பிளை டெல்லியில் இருக்கும் பையரின் ஆபீசில் நேரில் காட்டி, அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மாள் கையெழுத்துப் போட்டால்தான் இங்கே துணியில் கத்தரி வைக்க முடியும். மூன்று சாம்பிள் தைத்தோம். புறப்படுவதற்கு முதல்நாள் ஸ்டிக்கர் அண்ணன் அதில் இரண்டுக்கு அம்பு ஒட்டிவிட்டார். ஒன்றில் வாத்தின் அலகு ஒரு நூல் இறங்கியிருந்ததாம். இன்னொன்றில் என்ன தப்பு என்று இன்றுவரை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மிச்சம் ஒன்றே ஒன்று. அதைக் கொண்டுபோக நானும் அவரும்.

முதலாளி இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டைத் தேடிப் பிடித்தார். கோயம்புத்தூரில் விடிகாலை ஏறினால் மும்பையில் இறக்கிவிட்டு, ஒன்பது மணி நேரம் கழித்து அடுத்த விமானம். "பாம்பேயச் சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சுங்களே அம்மணி" என்று அதையும் ஒரு சன்மானமாக அறிவித்தார்.

எனக்குச் சந்தோஷம்தான். 'ஒரே நாளில் மும்பை, பதினோரு இடங்கள், ஏழு தீனிகள்' என்று ஒரு பெண் மூச்சுவிடாமல் பேசும் வீடியோவை நாற்பது தடவை பார்த்து, பட்டியல் எழுதி வைத்திருந்தேன். எந்த இடத்தில் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றால் படம் நன்றாக வரும் என்பது உட்பட. ஸ்டிக்கர் அண்ணனிடம் பட்டியல் கிடையாது. அவரிடம் டேப் இருந்தது, இரண்டு தாள் ஸ்டிக்கர் இருந்தது, நெஞ்சோடு அணைத்த ஒரு துணிப்பைக்குள் அந்தச் சாம்பிள் இருந்தது. பைகளை ஏர்போர்ட்டில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு போகலாம் என்றேன்.

"பொட்டியைக் குடுக்கலாமுங்க. சாம்பிளு கையை வுட்டு எறங்கப்படாதுங்க அம்மணி."

இதில் இன்னொரு கிரகசாரம். பின்னல் துணி மடித்தபடியே கிடந்தால் மடிப்பு விழுந்துவிடும் என்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சட்டையை வெளியே எடுத்து, ஹேங்கரில் மாட்டி, காற்றாடவிட்டு, வேறு மாதிரி மடித்து வைப்பார். விமானத்தில் காலை எட்டு மணிக்கு ஒரு தடவை எடுத்தார். நடு சீட்டுக்காரர் இருபது நிமிஷம் வாத்தைப் பார்த்தபடி பயணம் செய்தார்.

அண்ணனின் இந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் தைக்கிற பீகார்ப் பையன்களிடம் கற்றது. மொத்தம் நாலு வாக்கியம். ஜல்தி கரோ, அதாவது சீக்கிரம் செய். ஏ கராப் ஹை, இது கெட்டுப்போயிருக்கிறது. ஃபிர் ஸே கரோ, மறுபடி செய். தாகா காட்டோ, நூலை வெட்டு. இந்த நாலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இரண்டு கோடிப் பேர் இருக்கிற ஊருக்குள் பயமில்லாமல் இறங்கினார்.

முதலில் கேட்வே ஆஃப் இந்தியா. நான் முகத்தைத் திருப்பி நின்று பதினாறு படம் எடுத்துக்கொண்டேன். சுற்றி நின்ற நானூறு பேரும் அதே பக்கம்தான் திருப்பியிருந்தார்கள். அவர்களும் அந்தப் பெண்ணின் வீடியோவைப் பார்த்திருக்க வேண்டும். கேட்வேயை நேராகப் பார்த்தது ஸ்டிக்கர் அண்ணன் மட்டும்தான். ஒரு கண்ணை மூடி, டேப்பைக் கை நீளத்துக்குப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"ஷேடு வேரியேசனுங்க. அக்கட்டால கல்லு ஒரு கலரு, இக்கட்டால ஒரு கலரு. ரெண்டு லாட்டுத் துணிய ஒரே சட்டைக்குப் போட்டுருக்கறாங்க."

கை சட்டைப்பைக்குப் போனது. நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பக்கத்தில் துப்பாக்கியோடு போலீஸ் நின்றார்.

அடுத்து வடா பாவ். சுடச்சுட என் கைக்கு வந்தது. வாயருகே கொண்டுபோனபோது, "ஒரு நிமிசமுங்க" என்று அண்ணன் வாங்கிவிட்டார். பன்னைத் திறந்து பார்த்தார். வடை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. கடைக்காரரிடம் நீட்டி, "ஏ கராப் ஹை" என்றார்.

கடைக்காரருக்கு முகம் சிவந்தது. காலையில் போட்ட வடை, எப்படிக் கெட்டுப்போகும் என்று அவர் இந்தியிலும் மராத்தியிலும் கேட்டார். அண்ணன் பொறுமையாக, "ஃபிர் ஸே கரோ" என்றார். கடைக்காரர் பன்னையும் வடையையும் பிடுங்கிக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார். எந்த மொழியில் சொன்னார் என்று தெரியவில்லை, எனக்கு நன்றாகப் புரிந்தது. பட்டியலின் முதல் தீனி இப்படி ரிஜெக்ட் ஆனது. சாண்ட்விச் இரண்டாவது. அதன் நாலு மூலையும் சரியில்லையாம்.

டாக்சியில் ஏறிப் பட்டியலில் இரண்டு தீனியை அடித்துவிட்டேன். பசி ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

"பாம்பே ஃபெயிலுங்க அம்மணி."

"ரெண்டு தெருவைப் பாத்துட்டு எப்படிண்ணே சொல்லுதீங்க?"

"ஏனுங்க, ஆயிரம் பொட்டி ஷிப்மெண்ட்டுல எத்தனை பொட்டியப் பிரிக்கறோமுங்க? மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு. அதை வெச்சுத்தான மொத்தத்தையும் பாஸு, ஃபெயிலுங்கறோம். ஊரும் அப்புடித்தானுங்க."

சௌபாத்தி கடற்கரையில் இறங்கும்போது மத்தியானம். ஒரு பானி பூரி வண்டி. அதைக் கண்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வண்டிக்காரர் பூரியை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டை விரலால் ஓட்டை போட்டு, கிழங்கை அடைத்து, பச்சைத் தண்ணீரில் முக்கித் தருவார். எதைத் தருகிறாரோ அதை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். உலகம் முழுக்க அதுதான் முறை. ஸ்டிக்கர் அண்ணன் அந்தப் பூரி மலையைப் பார்த்தார். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்துப் பார்க்காமல் அவர் எப்படி விடுவார்? அதற்கு இரண்டு கையும் வேண்டும். அதே நேரம் பார்த்து சட்டையைக் காற்றாடவிடும் நேரமும் வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்து முதல்முறையாக அந்தச் சாம்பிள் அவர் கையைவிட்டு இறங்கியது. ஹேங்கரோடு என்னிடம் கொடுத்தார்.

"புடிச்சுட்டு நில்லுங்க அம்மணி. கையில இருக்கறப்ப மட்டும் எதையும் திங்கப்படாதுங்க."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அண்ணன் பூரிகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். நடுவில் கையைவிட்டு எடுத்த ஒன்று ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தது. அடியில் எடுத்தது வட்டமாக இல்லை, டேப் வைத்துக் காட்டினார். "ஏ கராப் ஹை" என்றார். வண்டிக்காரர் கத்த, கூட்டம் கூடியது. வரிசையில் நின்ற இரண்டு பேர் பயந்துபோய், சாப்பிட்ட பூரி கெட்டதா என்று வண்டிக்காரரிடம் சண்டைக்கு வந்தார்கள். எந்தப் பக்கமும் பேச முடியாத வண்டிக்காரர், கூட்டத்தில் பேசாமல் நிற்கிற ஒரே ஜீவன் நான்தான் என்று கண்டு, "நீங்களே சாப்பிட்டுச் சொல்லுங்கள் அக்கா" என்பதுபோல் ஒரு பூரியை நீட்டினார்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிறு. ஒரே ஒரு பூரி. ஒரே வாய். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாங்கிப் போட்டேன். பூரி வாய்க்குள் உடைவதற்கு முன்னால் வெளியே உடைந்தது.

வாத்தின் காலுக்குக் கீழே, சின்ன குளம்போல், பச்சையாக.

அண்ணன் திரும்பினார். சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. சட்டைப்பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஒரு அம்பைக் கிழித்து, கறையை நோக்கி மெதுவாக ஒட்டினார். எனக்கு அந்தக் கட்டம்தான் கண் முன்னால் வந்தது. 'தவறு யாருடையது'. முதலாளியின் மோர் டம்ளரும் வந்தது. கடற்கரையில் நானூறு பேருக்கு நடுவில் நின்று அழுதேன்.

"அழுவாதீங்க அம்மணி. கண்ணுத் தண்ணியும் அதுல பட்டா ரெண்டு கறையாயிருமுங்க" என்றார். "நம்ம கம்பெனியா இருந்தா கறை எடுக்கற ஸ்ப்ரே கன்னு இருக்குது, மருந்து ஊத்தி ரெண்டு அடி அடிச்சாப் போயிரும். இங்க தொவைக்கறவங்க ஆருனாச்சும் இருப்பாங்களா?"

என் பட்டியலில் எட்டாவது இடம் தோபி காட். பாலத்தின் மேல் நின்று பார்த்தால் நூற்றுக்கணக்கான கல் தொட்டிகளும் துணி துவைக்கிறவர்களும் தெரிவார்கள், சாயங்கால வெளிச்சத்தில் படம் அழகாக வரும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். டாக்சி மகாலட்சுமி பாலத்தில் நின்றது. வெள்ளைக்காரர்கள் வரிசையாக நின்று கீழே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டிக்கர் அண்ணன் அவர்களை விலக்கிக்கொண்டு, சட்டையை வெள்ளைக் கொடிபோல் உயர்த்திப் பிடித்தபடி, படியில் இறங்கி ஓடினார். அவர்களின் எத்தனையோ ஆல்பங்களில் அந்த வாத்து இப்போதும் இருக்கும்.

கீழே ஒரு பெரியவர், முழங்கால்வரை தண்ணீரில் நின்று துவைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் சட்டையை நீட்டி, அம்பைக் காட்டி, "ஏ கராப் ஹை. ஜல்தி கரோ" என்றார். அன்று முதல்முறையாக அவருடைய இந்தி சரியான இடத்தில் போய் விழுந்தது.

பெரியவர் கறையை மோந்து பார்த்தார். என் வாயோரத்தையும் பார்த்தார். புரிந்துகொண்டார். துணியை உள்பக்கமாகத் திருப்பி, குளிர்ந்த தண்ணீரை மெதுவாக விட்டு, எலுமிச்சையும் சோப்பும் வைத்து விரல் நுனியால் ஒற்றினார். தேய்க்கவில்லை. தேய்த்தால் பின்னல் இழுத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் குனிந்து பார்த்தார். "ஃபிர் ஸே கரோ" என்றார். பெரியவர் மறுபடி செய்தார். இன்னொரு தடவை "ஃபிர் ஸே கரோ". மறுபடியும் செய்தார். மூன்றாவது தடவை அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பெரியவரே தலையை ஆட்டி, தனக்குத் திருப்தி இல்லை என்று நாலாவது முறை தண்ணீரில் நனைத்தார். அண்ணன் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. கம்பெனியில் பத்து வருஷம் இருந்தவர்களுக்கும் கிடைக்காத மரியாதை அது.

சட்டை காயும்வரை இருவரும் ஒரே கல்லில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒருவர் இந்தியில் பேசினார், இன்னொருவர் கொங்குத் தமிழில் பேசினார். கொடியில் காய்கிற சட்டைகளைக் காட்டிக் காட்டி இரண்டு பேரும் குறை சொன்னார்கள். ஒரு சட்டையைத் தொட்டு அண்ணன், "இது நம்மூருங்க. ஓரத் தையலு கோணை. எந்தக் கம்பெனின்னே சொல்லீருவேன்" என்றார். பெரியவர் ஆமாம் ஆமாம் என்று ஆமோதித்தார். கிளம்பும்போது அண்ணன் தன்னிடமிருந்த முழு ஸ்டிக்கர் தாள் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். பெரியவர் அதை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பனியனுக்குள் செருகிக்கொண்டார்.

அவரே பக்கத்தில் ஒரு வண்டியிலிருந்து எங்களுக்கு வடா பாவ் வாங்கித் தந்தார். வடை ஒரு பக்கமாகத்தான் ஒதுங்கியிருந்தது. அண்ணன் டேப்பை எடுக்காமல் தின்றார். விமானத்தில் பெல்ட்டைப் போட்டபிறகு, "பாம்பே பாஸுங்க அம்மணி. ரெண்டு மைனரு தப்பு இருக்குது, அதைச் சரி பண்ணிக்கலாம்" என்றார்.

கறை முழுதாகப் போகவில்லை. கடுகு அளவில், ஒரு நிழல்போல் ஏதோ இருந்ததாம். எனக்கு அது தெரியவே இல்லை.

"அண்ணே, சத்தியமாச் சொல்லுதேன், ஒண்ணுமே தெரியல. அப்படியே குடுத்துருவோமே."

"எனக்குத் தெரியுதுங்களே அம்மணி" என்றார்.

மறுநாள் டெல்லியில், பையரின் ஆபீஸ் அம்மாள் சட்டையை மேஜையில் விரித்தார். அதில் அண்ணன் மறுபடி ஒட்டிய சிவப்பு அம்பு இருந்தது. அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். உதவிக்கு ஒருத்தியைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கறையைத் தேடினார்கள். கடைசியில் எங்கே என்று அண்ணனையே கேட்டார். அண்ணன் விரலால் தொட்டுக் காட்டி, பெருத்த சோகத்தோடு, "பானி பூரி" என்றார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை வருஷத்தில் சாம்பிளில் இருக்கிற தப்பைத் தாங்களே அம்பு போட்டுக் காட்டியவர்கள் நீங்கள்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அளவும் வாத்தும் சரி, கறை துணியின் குறை அல்ல, ஆர்டரைத் தொடங்கலாம்.

ஆர்டர் தப்பித்தது. நான் தப்பிக்கவில்லை. பையர் பாஸ் செய்தாலும் எங்கள் கம்பெனியில் ரிப்போர்ட் உண்டு. திரும்பி வரும் விமானத்தில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அதை எழுதினார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த முறை படத்துக்காக இல்லை.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். மேஜையில் மோர் இருந்தது. முடிந்தது கதை என்று உட்கார்ந்தேன். அவர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ப முடியலீங்களே அம்மணி. அண்ணனே சாம்பிளுல கறை பண்ணீட்டாராமா? வயசாகுதாட்ட இருக்குதுங்க."

ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பினார். 'தவறு யாருடையது' என்ற கட்டத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், அண்ணனின் பெயர் இனிஷியலோடு இருந்தது.

நேராக அவர் டேபிளுக்குப் போனேன். குழல் விளக்குக்குக் கீழே ஒரு சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அண்ணே, ரிப்போர்ட்டு தப்பா இருக்கு."

"அதுல ஒண்ணும் தப்பில்லீங்க. பசியோட நிக்கற புள்ளைய நாந்தான திங்க வுடலை. சட்டையக் கையில குடுத்ததும் நாந்தான். போயி வேலையப் பாருங்க அம்மணி."

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். அவர் இன்னும் அதே விளக்குக்குக் கீழேதான், ஊர் உலகத்துக்கெல்லாம் அம்பு ஒட்டிக்கொண்டு இருக்கிறார். பானி பூரியைத் தின்றது நான், கறையைப் பண்ணியதும் நான் என்பது அவருக்கும் எனக்கும் தெரியும். அவர் கையால் எழுதிய ஒரே தப்பான ரிப்போர்ட் அதுதான், அதை மட்டும் நான் பாஸ் செய்துவிட்டேன்.